மேடையில் ஐந்து டோனி வாங்கியவர் டிவிக்கு ஏன் போனார்? (ஏஞ்சலா லான்ஸ்பரி)

கீழவாசல்:

பழைய அமெரிக்கத் தொடர்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கும் கிறுக்கு எனக்கு உண்டு. 'மர்டர், ஷி ரோட்' அதில் ஒன்று. காபட் கோவ் என்ற கடலோரச் சிற்றூர், கார் ஓட்டத் தெரியாமல் சைக்கிளில் போய்வரும் ஜெசிகா ஃப்ளெட்சர் என்ற விதவை. முன்னாள் பள்ளி ஆசிரியை, இப்போது துப்பறியும் நாவலாசிரியை. இந்த அம்மா எந்த ஊருக்கு விருந்துக்குப் போனாலும் அங்கே ஒரு பிணம் விழும். நானாக இருந்தால் வீட்டுப் பக்கமே சேர்க்க மாட்டேன்.

அந்த வேடத்தில் நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரியை அமைதியான ஒரு குணச்சித்திர நடிகை என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் அவரைப் பற்றிப் படித்தால் பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்) இசை நாடகங்களின் ராணி என்கிறார்கள். மேடை நாடகத்துக்குத் தரும் டோனி விருது போட்டிப் பிரிவில் மட்டும் ஐந்து, அதில் நான்கு பாடி நடித்ததற்கு. டிவியில் ஜெசிகாவாக 12 ஆண்டு நடித்து, 12 முறையும் எம்மி என்ற டிவி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, ஒரு முறைகூட வாங்கவில்லை. அப்படிப்பட்ட பாடகி ஏன் பாட்டே இல்லாத தொடரில் போய் உட்கார்ந்தார்? மேடை அனுபவம் டிவியில் எதற்காவது உதவியதா, அல்லது அது வேறு இது வேறா? அப்புறம், அவர் மேடையில் பாடியதைப் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடிவரிசை:

நண்பரே, மேடையிலிருந்து டிவிக்கு வந்தவர் என்று நேர்கோடாகப் போட முடியாது. அவர் முதலில் சினிமாக்காரர். 1925இல் லண்டனில் பிறந்தவர். அம்மா மொய்னா மக்கில் மேடை நடிகை. 1940இல் போருக்குப் பயந்து குழந்தைகளோடு அமெரிக்கா போனார்கள். பதினேழு வயதில் எம்ஜிஎம் சினிமா ஸ்டூடியோவில் ஒப்பந்தம், முதல் படமான 'கேஸ்லைட்'டிலேயே (1944) ஆஸ்கர் பரிந்துரை. ஆரம்பம் அமர்க்களம்தான். ஆனால் அந்த ஸ்டூடியோவுக்கு அவரை என்ன செய்வது என்றே தெரியவில்லை. இருபது வயதுப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது வேடம், பிறகு அம்மா வேடம் என்று ஓட்டினார்கள். 1962இல் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' படத்தில் லாரன்ஸ் ஹார்விக்கு அம்மாவாக நடித்தார், அவரைவிட மூன்று வயதுதான் மூத்தவர்!

'தி ஹார்வி கேர்ள்ஸ்' (1946) என்ற இசைப் படத்தில் இவர் வாயசைக்க வேறொருவர் பாடினார். பின்னால் பிராட்வேயையே கட்டி ஆளப்போகிறவருக்கு இரவல் குரல் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

இசை நாடகத்தில் அவர் காலை வைத்தது 1964இல்தான், இசையமைப்பாளர் ஸ்டீபன் சோண்டைமின் 'எனிஒன் கேன் விசில்'. ஒன்பது காட்சியோடு மூட்டை கட்டிவிட்டது. ஆனால் இவரால் மேடையைத் தாங்க முடியும் என்பது பார்க்க வேண்டியவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டே ஆண்டில் ஜெர்ரி ஹெர்மனின் 'மேம்', 1966 மே மாதம், விண்டர் கார்டன் தியேட்டர். அப்போது அவருக்கு வயது நாற்பது. நாற்பது வயதில் ஒரு நடிகை முதன்முதலாகக் கதாநாயகி ஆகி ஊரையே தன் பக்கம் திருப்பினார் என்பதுதான் இவர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். முதல் டோனி அதற்குத்தான். கூடவே தோழி வேடத்தில் நடித்த பீ ஆர்தருக்கும் ஒரு டோனி. பீ ஆர்தரும் பின்னால் 'மாட்', 'தி கோல்டன் கேர்ள்ஸ்' என்று டிவியில் கொடிகட்டிப் பறந்தவர் என்பதையும் கவனியுங்கள். இது அந்தக் காலத்தில் பலர் நடந்த பாதைதான்.

ஆனால் 'மேம்' படமானபோது (1974) வேடம் லூசில் பாலுக்குப் போய்விட்டது. மேடையில் நீ உயிரைக் கொடு, படம் எடுக்கும்போது வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்பது ஹாலிவுட்டின் பழைய வழக்கம்.

பழைய ஆன்டெனா:

கேள்வியின் முதல் பாதிக்கு என் பதில்: வயது, வருமானம், வேளை. மூன்றும் சேர்ந்து வந்தன.

பிராட்வே என்றால் வாரத்துக்கு எட்டுக் காட்சி. ஆறு நாள், அதில் இரண்டு நாள் மதியமும் இரவும். ஒவ்வொரு காட்சியிலும் அதே உச்சஸ்தாயி, அதே நடனம். நாற்பதில் முடியும். ஐம்பத்தேழில் அதைச் செய்து பார்க்கத்தான் 1983இல் 'மேம்' நாடகத்தை மறுபடியும் மேடையேற்றினார்கள். 41 காட்சிகளோடு கையைச் சுட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டே செப்டம்பர் 30, 1984 அன்று 'மர்டர், ஷி ரோட்' சிபிஎஸ் சேனலில் தொடங்கிவிட்டது. அந்த வேடம்கூட முதலில் நடிகை ஜீன் ஸ்டேபிள்டனிடம் போய், அவர் மறுத்த பிறகுதான் இவரிடம் வந்தது.

ஞாயிறு இரவு 8 மணி, '60 மினிட்ஸ்' செய்தி நிகழ்ச்சி முடிந்த கையோடு. 12 சீசன், 264 எபிசோட். மேடையில் மொத்த வாழ்நாளிலும் இவரைப் பார்த்தவர்களைவிட ஒரே ஞாயிற்றுக்கிழமையில் டிவியில் பார்த்தவர்கள் அதிகம். அதை உதறிவிட்டு வா என்று எந்தக் கலைஞரிடம் சொல்ல முடியும்?

எம்மி விஷயத்தில் ஒரு வேடிக்கை. 1985, 1988 இரண்டு ஆண்டும் இவரைத் தாண்டி எம்மி வாங்கியவர் 'கேக்னி & லேசி' தொடரின் டைன் டேலி. அதே டைன் டேலி 1989இல் பிராட்வேக்கு வந்து 'ஜிப்ஸி' இசை நாடகத்தில் ரோஸ் என்ற வேடம் போட்டு டோனியும் வாங்கினார். லான்ஸ்பரி 1975இல் டோனி வாங்கியதும் அதே ரோஸ் வேடத்துக்குத்தான்! 2008இல் நடிகை பேட்டி லுபோனுக்கும் அதே வேடம் டோனி கொடுத்தது. மேடையும் டிவியும் ஒருவருக்கொருவர் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன, நாம் நினைப்பதுபோல் நடுவில் பெரிய சுவர் எதுவும் இல்லை.

தோடிப்பிரியன்:

ஆன்டெனா அண்ணன் சொல்வது கணக்குக்குச் சரி, மனசுக்குச் சரியில்லை. 1983க்குப் பிறகு அவர் பிராட்வேக்குத் திரும்பியது 2007இல், அதுவும் பாட்டில்லாத 'டியூஸ்' நாடகத்துக்கு. இடையில் 24 ஆண்டு. ஒரு பாடகியின் குரல் கனிந்து இறங்கும் ஆண்டுகள் எல்லாம், யார் கத்தியால் குத்தினான் என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விட்டன. எத்தனை வேடங்கள் அவருக்காக எழுதப்படாமலே போயிருக்கும்! எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் 'ஸ்வீனி டாட்' (1979). சோண்டைம் இசை, ஹால் பிரின்ஸ் இயக்கம். திருமதி லவெட் என்ற, லண்டனில் இறைச்சி வைத்த 'பை' (pie) பண்டம் விற்று ஈயோட்டும் கடைக்காரி வேடம். முதல் பாட்டை மட்டும் பாருங்கள். கடைக்குள் ஒரு ஆள் நுழைகிறான், ரொம்ப நாளாக வாடிக்கையாளரையே பார்க்காத அவள் அவனைப் பிடித்து உட்கார வைக்கிறாள். பாடிக்கொண்டே மாவை அறைகிறாள், உருட்டுகிறாள், நடுவில் ஓடும் பூச்சியை அடிக்கிறாள், மூச்சு வாங்குகிறாள், வரி பாதியில் நிற்கிறது, அடுத்த பாதி வேறு விஷயமாகக் கிளம்புகிறது. பார்த்தால் ஏதோ தோன்றியபடி செய்வதுபோல இருக்கும். கூர்ந்து கேட்டால், அந்த அடி ஒவ்வொன்றும் தாளத்தில் விழுகிறது. மாவு அறைவதும் சுரமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கை நொடி தாமதமானால் முழு வாத்தியக் குழுவும் தடுமாறும். இதை வாரத்துக்கு எட்டு முறை செய்தார்.

கீழவாசலின் மூன்றாவது கேள்விக்கும் இதுதான் பதில். இந்த நாடகம் படமாக்கப்பட்டு 1982இல் டிவியில் வந்தது, ஜார்ஜ் ஹெர்னோடு நடித்தது. அது இப்போதும் கிடைக்கிறது. கொடுமையைக் கேளுங்கள், அதற்கும் இவர் எம்மிக்குப் பரிந்துரைக்கப்பட்டார், விருது கூட நடித்த ஹெர்னுக்குப் போனது.

மீனாட்சி டீச்சர்:

தோடி தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் டிவியில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, முதலாளி ஆனார். நடுவில் ரொம்பக் களைத்துப்போய் எல்லா எபிசோடிலும் வர முடியாது என்றார். அதனால்தான் சில எபிசோட்களில் ஜெசிகா ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும் தலையைக் காட்டிக் கதையை வேறொருவர் நடத்துவார். பிறகு 1992இலிருந்து அவரே நிர்வாகத் தயாரிப்பாளர். மகன் ஆண்டனி நிறைய எபிசோட்களை இயக்கினார், தம்பி புரூஸ் தயாரிப்பில் இருந்தார். குடும்பத் தொழில் மாதிரி ஆகிவிட்டது.

இதில் எனக்கு மரியாதை வந்த இடம் வேறு. வாரம் ஒரு கொலை என்றால் வாரம் ஏழெட்டு சந்தேக ஆசாமிகள் வேண்டும். அந்த இடங்களுக்கு, வாய்ப்பில்லாமல் இருந்த பழைய சினிமா, மேடை நடிகர்களைத் தேடிக் கூப்பிட்டார். அங்கே நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் வேண்டும் என்றால் குறிப்பிட்ட அளவு வேலை செய்து சம்பாதித்திருக்க வேண்டும். ஒரு எபிசோடில் தாத்தாவாக வந்து போனால் அந்த ஆண்டுக்கு ஒருவர் தப்பிப்பார். மேடையில் உச்சியில் நின்றபோதுகூட அவரால் இதைச் செய்திருக்க முடியாது.

மேடை டிவிக்கு உதவியதா என்ற கேள்விக்கு: எபிசோடின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். கொலைகாரனை உட்கார வைத்து நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். பெரும்பாலும் அது ஒரே ஆள் பேசும் நீண்ட வசனம். சலிக்காமல் கேட்கிறோம் என்றால் எங்கே வேகம், எங்கே நிறுத்தம், எந்தச் சொல்லில் குரலை இறக்குவது என்பதெல்லாம் பாட்டுக்காரருக்குக் கைவந்த கலை. கேமரா முன் அதை எவ்வளவு சுருக்க வேண்டும் என்பது எம்ஜிஎம்மில் கற்றது. ஒரு பள்ளிக்கூடம் மட்டும் போதாது.

கீழவாசல்:

எல்லோருக்கும் நன்றி. தோடி சொன்ன பாட்டை நேற்று இரவே பார்த்துவிட்டேன், மறுபடி மறுபடி. ஜெசிகாவைத் தெரிந்த கண்ணால் பார்த்ததால் முதலில் அதிர்ச்சி, பாதி பற்களைக் காட்டி இளிக்கும் அந்த அம்மாவா இந்த அம்மா! அடுத்து எது? 'ஜிப்ஸி' கிடைக்குமா?

மாடிவரிசை:

முழு நாடகமாகக் கிடைக்காது, 1973 லண்டன் மேடையேற்றத்தின் இசைத்தட்டு உண்டு, அதைக் கேளுங்கள். ஆனால் அதில் கேட்கவே முடியாத ஒன்று இருக்கிறது. கடைசியில் ரோஸ் தனியாக நின்று பாடும் பாட்டு முடிந்ததும் அரங்கம் கைதட்டும், அவர் குனிந்து வணங்குவார். கைதட்டல் ஓய்ந்துவிடும். அவர் வணங்குவதை நிறுத்த மாட்டார். யாருமே தட்டாத நிசப்தத்தில் குனிந்துகொண்டே இருப்பார். அப்போதுதான், இத்தனை நேரம் அந்தக் கைதட்டல் அந்தப் பெண்ணின் தலைக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது என்று பார்ப்பவர்களுக்கு உறைக்கும். இதை அவரும் இயக்குநர் ஆர்தர் லாரன்ட்ஸும் லண்டனில் கண்டுபிடித்தார்கள் என்பார்கள். இசைத்தட்டில் நிசப்தத்தை எப்படிப் போடுவது?

டிவியில் அவர் பாடியது வேண்டும் என்றால் 'மிஸஸ் சாண்டா கிளாஸ்' (1996). 'மேம்' தந்த அதே ஜெர்ரி ஹெர்மன் டிவிக்கென்றே எழுதிய இசை நாடகம். கதை குழந்தைகளுக்கானது, பாட்டுகள் பரவாயில்லை, ஆனால் எழுபது வயதிலும் மேடைக்காரர் எப்படி நடந்து வருவார் என்பதைப் பார்க்கலாம். கார்ட்டூன் பிடிக்கும் என்றால் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991) தேநீர்க் கெண்டி அவர்தான், அதை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், யார் என்று தெரியாமல்.

தோடிப்பிரியன்:

டீச்சர், காப்பீட்டு விஷயம் எனக்குப் புதிது. அதற்கு மேல் வாதாடினால் நான் மனுஷனே இல்லை. ஆனால் இன்னும் ஒரு தகவலைச் சேர்த்துவிட்டுப் போகிறேன். டிவி முடிந்த பிறகு திரும்பி வந்தவர், 2009இல் 83 வயதில் 'பிளித் ஸ்பிரிட்' நாடகத்தில் ஆவியோடு பேசும் அம்மாளாக நடித்து ஐந்தாவது டோனியை வாங்கினார். அதே ஆண்டு கடைசியில் சோண்டைமின் 'எ லிட்டில் நைட் மியூசிக்'. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு பாட்டு, அதையும் பாதி பேசிப் பாதி பாடுவார். பதிவு செய்த இசைத்தட்டு கிடைக்கிறது. கீழவாசல், 'ஸ்வீனி'க்கு அடுத்து இதைக் கேளுங்கள், 'மிஸஸ் சாண்டா கிளாஸ்' டிசம்பர் வரை காத்திருக்கட்டும்.