டியூபைச் சாய்த்தார்கள், ரத்தம் ஓடியது: பாம்புக்கடியைக் கூட இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

கம்பமெட்டு ஜீப்:

போன வருஷம் ஆவணி, காய் எடுப்பு நேரம். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனேன், அதில் என் சித்தியும் ஒருவர். ஏலம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், சரம் தரையோடு கிடக்கும், தூருக்குள் கையை விட்டுத்தான் காயைப் பறிக்க வேண்டும். பதினோரு மணி வாக்கில் நடுவிரலில் கடி. பாம்பு ஒரு முழம்கூட இருக்காது. சருகு நிறம், மூக்கு நுனி மட்டும் மேலே தூக்கியிருந்தது. அடித்து கேரிபேக்கில் போட்டுக் கொடுத்தார்கள். கங்காணி எட்டிப் பார்த்துவிட்டு "சுருட்டை" என்றார். ஆஸ்பத்திரியில் நாங்களும் சுருட்டை விரியன் என்றே சொன்னோம்.

ஒரு டியூபில் ரத்தம் எடுத்து மேசையில் நிறுத்தினார்கள். இருபது நிமிஷம் யாரும் தொடக்கூடாதாம். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் வந்து டியூபைச் சாய்த்தார். உறையாமல் பீட்ரூட் தண்ணீர் மாதிரி ஓடியது, விஷம் ஏறியிருக்கிறது என்றார்கள். பத்து குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி டியூப், மறுபடி ஓடியது. இன்னும் பத்து குப்பி. விடிகாலையில் அதே கதை. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோய், வேறு ஊருக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ். அங்கே ஒரு மலையாளி டாக்டர், "மூக்கு மேலே நீண்டிருந்ததா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அது சுருட்டை இல்லை, முழமூக்கன். இந்த மருந்து அதுக்குக் கேட்காது" என்றார்.

சித்தி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த கேரிபேக்கை மலை இறக்கத்தில் நான்தான் வெளியே வீசினேன், பின் சீட்டில் ஒரு பெண் அலறியதால். அதை வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்குமோ?

பால்வெட்டு, அருமனை:

அண்ணே, வீசியதற்கு வருத்தப்படாதீர்கள். நாங்கள் பாம்பைத் தேடுகிறேன் என்று அரை மணி நேரத்தைத் தொலைத்தவர்கள். அப்பா ரப்பர் வெட்டுகிறவர். விடிகாலை மூன்று மணி, தலையில் லைட், கணுக்காலில் கடி. எங்கள் பக்கம் அணலி என்போம், உங்களுக்குக் கண்ணாடி விரியன். அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நானும் மாமாவும் கம்போடு போய் மரம் மரமாகத் தேடினோம். திரும்பி வந்து வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தால், துப்பியதெல்லாம் சிவப்பு. ஈறில் இருந்து வந்துகொண்டே இருந்தது.

மருந்து, பதினொரு டயாலிசிஸ் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தார். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. எட்டு மாதம் கழித்து ஒருநாள் அம்மா, "உங்க அப்பா ஷேவிங்கே பண்ணுறதில்ல, கவனிச்சியா?" என்றார். தாடி வளரவே இல்லை. எப்போதும் குளிர்கிறது என்பார், உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். கடிக்குப் பயந்த மனசு என்று நாங்கள் விட்டிருந்தோம். கடைசியில் மூளைக்குக் கீழே இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி செத்துவிட்டது என்றார்கள். அணலி விஷத்தில் சிலருக்கு அந்தச் சுரப்பியில் ரத்தம் கசிந்தோ அடைத்தோ இப்படி ஆகுமாம். இனி ஆயுள் முழுக்க ஸ்டீராய்டும் தைராய்டு மாத்திரையும். டிஸ்சார்ஜ் சீட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர் யாராவது வீட்டில் இருந்தால் தாடியைப் பாருங்கள். பெண்கள் என்றால் மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கொழிஞ்சாம்பாறை:

1986-ல் என் தாய்மாமனை மூர்க்கன், அதாவது நல்ல பாம்பு, கடித்தது. பாலக்காட்டுச் சித்தூர் விஷவைத்தியர் ஒருவர் பச்சிலை கொடுத்து அனுப்பினார், மறுநாள் ஏர் பூட்டினார் மாமா.

தம்பி கம்பமெட்டு, முதலில் உங்கள் மேல் தவறு. விரலில் கடித்தவுடன் மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. இரண்டாவது, கடிபட்டவர் தூங்கவே கூடாது. மூன்றாவது, தோட்டத்தில் நாய் வளர்க்க வேண்டும். நான்காவது, கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும், பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரை அதிர்வு நன்றாகத் தெரியும். ஐந்தாவது, கையுறை. வேலையாட்களுக்கு முழங்கை வரை கையுறையும் பூட்ஸும் தோட்ட முதலாளி வாங்கித் தர வேண்டும், இதற்குச் சங்கம் வைத்துப் போராட வேண்டும். ஆறாவது, வீட்டைச் சுற்றி விறகு அடுக்கக்கூடாது, விறகு இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. நான் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் யாருமில்லை. மேலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் ஊசி என்கிறார்கள்.

ராத்திரி டூட்டி:

வாத்தியார் ஐயா, நாய், கம்பு, கையுறை எல்லாம் சரி. தயவுசெய்து கட்டு மட்டும் போடச் சொல்லாதீர்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் தசையை அழுகவைக்கிற விஷம். இறுக்கிக் கட்டினால் அது அங்கேயே தேங்கிக் கையோ காலோ போகும். இங்கே வந்த பிறகு கட்டை அவிழ்ப்பதற்கே எங்களுக்குப் பயம், அவிழ்த்த நிமிஷம் ஆள் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமாவை நல்ல பாம்பே கடித்திருந்தாலும், விஷம் இறக்காமல் விட்டிருக்கலாம். அப்படிப்பட்ட கடி நிறைய உண்டு. பச்சிலைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பதே அந்தக் கடிகள்தான்.

கம்பமெட்டு தம்பி, பாம்பை யாரும் கொண்டுவரவே வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடி வாங்குவார். தூரத்தில் இருந்து ஒரு போட்டோ போதும். நமக்குக் கிடைக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலுக்கும் சேர்த்த ஒரே மருந்து. அதனால் பாம்பின் பெயரைவிட இமை, வீக்கம், ரத்தம் இதைத்தான் பார்ப்போம். முழமூக்கன் அந்த நாலில் இல்லை.

ஆனால் உங்கள் கதையில் எனக்கு ஒரு சந்தேகம். அது என் சொந்தத் தப்பில் இருந்து வந்தது. தென்காசி மாவட்டத்தில் மலையடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ராத்திரி ஒன்றரை மணி, ஒரு பெரியவர் வந்தார். வீக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. புது டியூப் தீர்ந்துபோய், சோப்புத்தூள் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒன்றில் ரத்தம் எடுத்தேன். இருபது நிமிஷத்தில் உறையவில்லை. மருந்து தொடங்கினோம். பத்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, இழுப்பு, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். மருந்தை நிறுத்தி அட்ரினலின் போட்டு மீட்டோம். அப்புறம் ஆம்புலன்ஸ் டிரைவர் வாங்கி வந்த புதுக் கண்ணாடி டியூபில் எடுத்தால் ரத்தம் கல் மாதிரி உறைந்தது. கடித்தது சாரையாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் போகும்போது என்னைக் கும்பிட்டார், அதுதான் தாங்கவில்லை.

இந்த டெஸ்டில் கண்ணாடி பட்டுத்தான் ரத்தம் உறையத் தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் ஆகாது, சோப்பு ஆகாது, ஆட்டவும் கூடாது. உங்கள் சித்திக்கு வைத்தது எந்த டியூப்?

கம்பமெட்டு ஜீப்:

சிஸ்டர், டயாலிசிஸ் வரைக்கும் போனவருக்கு விஷமே ஏறவில்லை என்கிறீர்களா?

ராத்திரி டூட்டி:

ஐயோ, அப்படிச் சொல்லவில்லை தம்பி. டியூப் எது என்று மட்டும்தான் கேட்டேன்.

சத்தியவேடு பஸ்:

ரத்தம், டியூப் என்று பேசுகிறீர்கள், கட்டு விரியனில் அதெல்லாம் ஒன்றும் இருக்காது. ஆந்திரா பக்கம் கட்லபாமு என்பார்கள். என் மகள், பன்னிரண்டு வயசு, பாயில் படுத்திருந்தாள். விடிகாலை நாலு மணிக்கு வயிறு வலிக்கிறது என்றாள். ஓம வாட்டர் கொடுத்தேன். ஆறு மணிக்குக் கண் சொருகியது, தூக்கம் என்று நினைத்தேன். "கண்ணைத் திறடி" என்று அதட்டினேன். புருவம் மட்டும் மேலே ஏறியது, இமை ஏறவில்லை. அந்தப் புருவம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கடித்த தடம் தேடியும் கிடைக்கவில்லை. ஆறு நாள் வென்டிலேட்டர். இந்த விஷம் நரம்பு நுனிக்குள்ளேயே போய் அதைக் கெடுத்துவிடுமாம். அதற்கப்புறம் மருந்து போட்டாலும் கெட்டது கெட்டதுதான், நரம்பு தானாகத் துளிர்க்கும்வரை மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ள வேண்டும். அசையாமல் கிடந்தாள், மயக்கம் என்றே நினைத்தோம். எழுந்த பிறகு, பெரியப்பா கட்டில் பக்கத்தில் நின்று "ஊருக்குச் சொல்லிவிடலாமா" என்று கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னாள். எல்லாம் கேட்டிருக்கிறது. பெரியப்பா இன்றுவரை அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

பிளாஸ்மா:

திருவனந்தபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை, வீடு களியக்காவிளை. கடியைப் பார்த்ததில்லை, விஷத்தைப் பார்த்திருக்கிறேன். அடிக்கடி கர்ப்பம் கலைகிறவர்களுக்கு ஒரு டெஸ்ட் உண்டு, அதற்கான மருந்தே நீர்த்த கண்ணாடி விரியன் விஷம்தான். சேர்ந்த புதிதில் சீனியர் சேச்சி மெஷின் இல்லாமல் கையால் செய்து காட்டினார். நல்ல பிளாஸ்மாவில் விட்டு டியூபைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், நாற்பது விநாடிக்குள் நுங்கு மாதிரி நின்றுவிட்டது. ரத்தத்தை ஓட வைக்கிற விஷம் என்றல்லவா படித்தோம் என்று குழம்பிப்போனேன்.

அது உறைய வைக்கிற விஷம்தான். உறையத் தேவையான சரக்கையெல்லாம் உடம்புக்குள் கண்டபடி தூண்டிச் செலவழித்துவிடும். மிச்சம் இருக்கிற ரத்தத்தில் உறைய ஒன்றும் இருக்காது, அதனால் ஓடுகிறது. மருந்து விஷத்தைத்தான் பிடிக்கும், செலவானதைக் கல்லீரல்தான் திரும்பச் செய்ய வேண்டும். ஆறு மணி நேரம் காத்திருப்பது அதற்குத்தான்.

முழமூக்கன் விஷயம், கம்பமெட்டு அண்ணனுக்கு: இது உங்கள் ஒருவர் அனுபவம் இல்லை. கேரளத்தில் சுருட்டை என்று நினைத்து மருந்து ஏற்றி, பிறகு இதுதான் என்று தெரிந்த கேஸ்களை டாக்டர்கள் 2007-லேயே கட்டுரையாக எழுதிவிட்டார்கள். சுருட்டை விரியன் வறண்ட நிலத்துப் பாம்பு, ஏலக்காட்டு ஈரத்தில் அதைத் தேடுவதே தப்பு. மருந்து செய்ய அந்த நாலு பாம்பின் விஷத்தைத்தான் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பை எடுக்கிறார்கள். அந்த விஷத்தில் பெரும்பங்கு சென்னைப் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் எடுப்பது. ஒரே கண்ணாடி விரியனுக்கே ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் குதிரை பார்த்தே இராத பாம்புக்கு அது என்ன செய்யும்?

மாத்திரை ஒன்று வருகிறது என்று செய்தி போட்டார்களே, வரெஸ்ப்ளாடிப், அதை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் எதிர்பார்த்த முடிவு வரவில்லை, கடித்து ஐந்து மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களிடம் பலன் தெரிந்தது. கடைக்கு வரவில்லை, கடையில் கேட்டு அலையாதீர்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கொழிஞ்சாம்பாறை:

கட்டு விஷயத்தில் சிஸ்டர் சொன்னதை ஏற்கிறேன். பச்சிலையை ஏற்கவில்லை என்பதை நான் ஏற்கவில்லை.

கம்பமெட்டு ஜீப்:

சிஸ்டர், நேற்றுக் கோபமாகப் பேசிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சித்தியிடம் டியூப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று தெரியவில்லை, வலியில் கண்ணை மூடியிருந்தாராம். ஆனால் மூன்று தடவையும் நர்ஸ் அதை இரும்புத் தட்டில் வைத்தபோது "ணங்"கென்று கேட்டது, உடைந்துவிடுமோ என்று நினைத்தேன் என்றார். கண்ணாடிதான்.

காய் எடுப்புக்கு இப்போது போவதில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார், நடுவிரல் மடங்காததால் இடது கையால்.