இரண்டு கொழுக்கட்டைக்கு வாங்கிய பெயர்

அரைத்தூக்கம்

சீனக் கற்பனை நாவல் படிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். ரொம்ப நாளாக ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். ஒரு பாத்திரத்தின் பெயருக்கு என்ன பொருள் என்று தெரிந்த அன்றைக்கு, அதுவரை படித்த கதையே வேறு மாதிரி தெரிந்த அனுபவம் யாருக்காவது உண்டா? முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். கதை முடிச்சுகள் அங்கங்கே அவிழும், படிக்காதவர்கள் பார்த்துப் போங்கள்.

எனக்கு இரவு வேலை. வேலை இல்லாத நேரத்தில் தூங்காமல் இருக்கத்தான் ஹான் லி கதையை எடுத்தேன். சாகாவரம் தேடிப் போகும் ஒரு சாதாரணப் பையனின் கதை. 2008-இல் சீன இணையத்தில் தொடராக வரத் தொடங்கியது, 2,400 அத்தியாயங்களுக்கும் மேல் போனது. எழுதியவரின் புனைபெயர் வாங் யூ. 'சொல்லை மறந்தவன்' என்று பொருளாம். 2,400 அத்தியாயம் எழுதியவருக்கு!

பையன் ஏழைக் குடியானவன் வீட்டுப் பிள்ளை. ஊரார் வைத்த பட்டப்பெயர் 'இரண்டாம் மக்கு'. ஊரில் ஏற்கெனவே ஒரு மக்கு இருந்ததால் இவனுக்கு இரண்டாவது இடம். ஹான் லி என்ற நல்ல பெயர் எப்படி வந்தது என்றால், எழுத்து தெரிந்த ஒரு பெரியவரிடம் அவன் அப்பா இரண்டு 'வோதோ' கொடுத்து வாங்கியது. வோதோ என்பது முரட்டு மாவில் பிடித்து ஆவியில் வேகவைக்கும் பண்டம், ஏழை வீட்டுச் சாப்பாடு. நம்முடைய பிடிகொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொழுக்கட்டைக்கு ஒரு பெயர்!

'லி' என்றால் 'நிற்பது'. இது தெரிந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் இவன் எங்கேயும் நிற்கிற ஆளே இல்லை. சண்டை வந்தால் முதலில் ஓடுவான், ஒளிவான், கணக்குப் போடுவான். அந்த உலகத்தில் தவம் செய்யப் பிறவியிலேயே ஒரு 'வேர்' வேண்டும். நீர், நெருப்பு மாதிரி ஒரே பூதத்தின் வேர் இருப்பவன் அதிர்ஷ்டசாலி. இவனுக்கு நான்கு பூதங்கள் கலந்த போலி வேர், கிட்டத்தட்ட உதவாக்கரை. முதலில் கற்றுக்கொடுத்த மருத்துவரே இவன் உடம்பைப் பறித்துக்கொள்ளத்தான் வளர்த்தார். அப்புறம் நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் போன பிறகு ஒரு ராத்திரி உறைத்தது: இவனைவிடப் பெரிய மேதைகள் எல்லாரும் செத்துவிட்டார்கள், இவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். அந்த அப்பா இரண்டு கொழுக்கட்டையை வீணாக்கவில்லை.

உங்கள் முறை.

பின்வரிசை வாசகி

எனக்கு ஷியாவ் யென். 2009-இல் வரத் தொடங்கிய கதை, எழுதியவர் தன்னை 'வானப் பட்டுப்புழு உருளைக்கிழங்கு' என்று அழைத்துக்கொள்கிறார். (இன்னொரு பிரபல எழுத்தாளரின் புனைபெயர் 'நான் தக்காளி சாப்பிடுகிறேன்'. காய்கறிக் கடைதான்.)

பதினொன்றாம் வகுப்பில் நான் படிப்பில் சறுக்கிய வருஷம் அது. பத்தாவது வரை முதல் இடம். அப்புறம் என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை, இயற்பியல் தாளை வாங்கிப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போவேன். அப்போதுதான் இந்தக் கதையின் முதல் பக்கம். ஊர் கூடி நிற்கிறது, பையன் சக்தியை அளக்கும் கல்லில் கை வைக்கிறான், கல் சொல்கிறது: மூன்றாம் படி. பதினொரு வயதில் எல்லாரையும் தாண்டிப் போனவன், மூன்று வருஷமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறான். 'அதே பையனா இவன்?' என்று கூட்டத்தில் பேசிக்கொள்வார்கள் பாருங்கள், அந்தக் கேள்வி எங்கள் தெருவில் என்னைப் பற்றியும் கேட்டதுதான்.

நிச்சயித்த பெண் வந்து நிச்சயத்தை முறிக்கிறாள். அவன் சொல்கிற பதில் சீனாவில் எல்லாருக்கும் மனப்பாடம்: 'முப்பது வருஷம் ஆற்றுக்குக் கிழக்கே, முப்பது வருஷம் ஆற்றுக்கு மேற்கே. இளைஞன் ஏழையாக இருக்கிறான் என்று ஏளனம் செய்யாதே.' முன்பாதி பழமொழி. மஞ்சள் ஆறு அடிக்கடி தடம் மாறும். கிழக்குக் கரையில் இருந்த ஊர், ஊர் நகராமலேயே ஒரு நாள் மேற்குக் கரையில் இருக்கும். இதை நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

பெயரின் பொருள் தெரிந்தது பல வருஷம் கழித்து, சிங்கப்பூரில் உடன் வேலை பார்த்த ஒரு சீனத் தோழி காகிதத்தில் எழுதிக் காட்டியபோது. நெருப்பு என்ற எழுத்தை எழுதினாள், அதன் தலைமேல் இன்னொரு நெருப்பு. அதுதான் 'யென்'. அவன் கதை முழுக்க அபூர்வ நெருப்புகளைத் தேடிப்போய் விழுங்குகிற கதை. பட்டியலில் மொத்தம் 23 நெருப்பு. பெயரிலேயே இரண்டு எரிந்துகொண்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

இயற்பியலில் தேறினேனா என்று கேட்காதீர்கள்.

ஏதோ ஒன்று

என் பயனர் பெயரைப் பார்த்ததுமே தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெய் வூஷியென்!

நான் வந்தது நாவல் வழியாக இல்லை, 2019-இல் வந்த ஐம்பது பகுதித் தொடர் வழியாக. முதல் இரண்டு பகுதிக்குள் தலை சுற்றிவிட்டது. ஒரே ஆளை ஒருவர் வெய் யிங் என்கிறார், இன்னொருவர் வெய் வூஷியென் என்கிறார், ஊர் மொத்தமும் யிலிங் மூத்தவர் என்று பயந்து சாகிறது. மூன்று பேர் என்றே நினைத்தேன். சரி, தம்பியிடம் கேட்கலாம் என்றால் அவன் 'எனக்கு எல்லாரும் வெள்ளை உடுப்பு' என்றான்.

விஷயம் இதுதான். பழைய சீனத்தில் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று, வயது வந்ததும் வெளியார் கூப்பிட வைக்கும் பெயர் ஒன்று. முதல் பெயரைப் பெரியவர்கள் சொல்லலாம், ரொம்ப நெருக்கமானவர்கள் சொல்லலாம். மற்றவர்கள் சொன்னால் மரியாதைக் குறைவு. எங்கள் பாட்டி கடைசி வரை தாத்தா பெயரைச் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு இது புரியாமல் போகுமா? புரிந்த பிறகு முதலிலிருந்து பார்த்தேன். வாயே திறக்காத லான் வாங்ஜி, உலகமே வேறு பெயர் சொல்லித் தூற்றுகிற மனிதனை 'வெய் யிங்' என்று மட்டும் கூப்பிடுகிறான். அதற்கு மேல் அவன் என்ன வசனம் பேச வேண்டும்?

வூஷியென் என்றால் 'பொறாமை இல்லாதவன்'. வாங்ஜி என்றால் 'சூதை மறந்தவன்'. இரண்டும் அழகுதான், ஆனால் எனக்குப் பிடித்தது வாளின் பெயர். வாளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று வளர்ப்புத் தந்தை கேட்டபோது இவன் 'சுய்பியென்' என்றானாம், அதாவது 'ஏதோ ஒன்று'. வாள் செய்து வந்தால் அதன்மேல் 'சுய்பியென்' என்றே பொறித்திருக்கிறது. பிறகு யார் வாளின் பெயரைக் கேட்டாலும், இவன் ஒழுங்காகப் பதில் சொன்னாலும், கேட்டவருக்குக் கோபம் வரும்.

அந்த ஏதோ ஒன்றை அவன் பிற்காலத்தில் எடுப்பதே இல்லை. திமிர் என்கிறார்கள். உண்மையில், வாளை இயக்கும் சக்தி மையத்தையே வளர்ப்புத் தம்பிக்கு அறுத்துக் கொடுத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கிறான். சிரித்த பெயர் அங்கே வந்து குத்தும். அதற்கப்புறம்தான் இந்தப் பயனர் பெயர்.

பழைய பேப்பர்

உங்கள் உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் இணைய நாவல்களில் பாதிக்கு மேல் நாயகன் பெயர் ஒரே அச்சு. யே, லின், ஷியாவ், சூ, இந்த நாலு குடும்பத்துக்கு வெளியே யாரும் சாகாவரம் பெறக் கூடாது போல. அடி வாங்குவான், ஒரு மோதிரமோ குப்பியோ கிடைக்கும், திருப்பி அடிப்பான். அதை மனவுறுதி என்று நான் சொல்ல மாட்டேன்.

பெயர் என்றால் ஜின் யோங். தன் பெயரின் கடைசி எழுத்தை இரண்டாகப் பிளந்து புனைபெயர் செய்துகொண்ட மனிதர், ஹாங்காங்கில் 2018-இல் காலமானார். மந்திரம் குறைவு, வாள்வீச்சு அதிகம், அதனால் நீங்கள் அவர் எழுதியதைக் கற்பனை நாவல் என்று ஏற்பீர்களோ என்னவோ.

1957-இல் அவர் தொடங்கிய கதையில் இரண்டு கர்ப்பிணிகள். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு துறவி பெயர் வைக்கிறார்: குவோ வீட்டுப் பிள்ளைக்கு ஜிங், யாங் வீட்டுப் பிள்ளைக்குக் காங். சேர்த்துப் படித்தால் ஜிங்காங். 1127-இல் வடக்கிலிருந்து வந்த ஜூர்ச்சென்கள் சுங் தலைநகரைப் பிடித்து இரண்டு பேரரசர்களைச் சிறைகொண்டு போனார்களே, அப்போதைய ஆட்சிக்காலத்தின் பெயர். அவமானத்தை மறக்காதே என்று இரண்டு குழந்தைகள் தலையில் பாதிப் பாதியாக எழுதிவைத்தார். காங் எதிரியின் அரண்மனையில் வளர்ந்து எதிரியாகவே ஆகிறான். ஜிங் மந்தபுத்தி, நாலு வயதில்தான் பேச்சே வந்தது. மற்றவன் ஒரு நாளில் கற்பதை இவன் பத்து நாள் கற்பான். ஆனால் பதினோராம் நாளும் வருவான்.

இனி என் அசட்டுத்தனம். அடுத்த நாவலில் காங்கின் மகன் பெயர் யாங் குவோ. குவோ ஜிங் வைத்த பெயர் என்பதால், தன் குடும்பப் பெயரையே கொடுத்துவிட்டார் என்று நினைத்துப் பாதி நாவல் உருகினேன். இரண்டும் வேறு எழுத்து, வேறு ஓசை ஏற்றம். பையனின் 'குவோ'வுக்கு அர்த்தம் 'பிழை'. கூடவே வைத்த வெளிப்பெயர் 'அதைத் திருத்து'. அப்பன் செய்த துரோகத்தைப் பிள்ளைக்குப் பெயராக வைத்திருக்கிறார் மனிதர்! எனக்குக் கோபமே வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. அந்தப் பையன் வலது கையை இழக்கிறான். கையை வெட்டியது பெயர் வைத்தவரின் மகள். பிழை யார் பக்கம் என்று ஜின் யோங் வாயைத் திறந்து சொல்வதில்லை. ஒற்றைக் கையோடு கனமான வாளை எடுத்துக்கொண்டு வெள்ளத்தில் நின்று பழகுகிறான், மனைவிக்காகப் பதினாறு வருஷம் காத்திருக்கிறான்.

குவோ ஜிங் தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயரையும் பாருங்கள். முற்றுகையில் இருந்த ஷியாங்யாங் கோட்டையில் பிறந்த இரட்டையர். பெண்ணுக்கு அந்த ஊரின் பெயரிலிருந்து 'ஷியாங்'. பையனுக்குப் 'பகையை உடை'. 1273-இல் அந்த ஊர் மங்கோலியரிடம் விழுந்தது. பகையை உடைக்கப் பெயர் வைத்த பையன் அங்கேயே செத்தான். இதை ஒற்றை வரியில் அடுத்த நாவலில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

பிச்சையின் பேரன்

மேலே 'இரண்டாம் மக்கு' என்று படித்ததும் உள்ளே ஏதோ தட்டியது.

வாங் லின் என்று இன்னொரு நாயகன், 'அமரத்துவத்துக்கு எதிராக' என்ற மாதிரித் தலைப்புள்ள கதை. வீட்டில் அவனைக் கூப்பிடுவது 'இரும்புத் தூண்' என்று. நாவல் படிக்கும்போது என்னடா இது என்று தேடிப் பார்த்தேன். சீனக் கிராமங்களில் பிள்ளைக்கு மட்டமான, முரட்டுத்தனமான பெயர் வைப்பது பழைய வழக்கம். 'மலிவுப் பெயர் வைத்தால் பிள்ளை தங்கும்' என்பார்களாம். 'நாய் தின்றுவிட்டு வைத்த மிச்சம்' என்றுகூட ஒரு பெயர் உண்டு. பேய் வந்து பார்த்தால், இது நாய்க்கே வேண்டாததா என்று விட்டுவிட்டுப் போய்விடும்.

என் தாத்தா பெயர் பிச்சை. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை. நாலாவதைக் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்து, அடுத்த வீட்டுக்காரி கையிலிருந்து தவிட்டுக்கு வாங்கிக்கொண்டு இந்தப் பெயரை வைத்தார்கள். பள்ளியில் என்னை அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்கள், நானும் படிவங்களில் முதலெழுத்தை மட்டும் எழுதித் தப்பித்திருக்கிறேன். அவர் 91 வயது வரை இருந்தார்.

பெண்களுக்கு வேறு கதை. அங்கே 'தம்பியைக் கூப்பிடு' என்று பொருள்படும் ஜாவ்தி. இங்கே போதும்பொண்ணு. அந்தப் பெயரோடு சாகாவரம் தேடிப் போகும் ஒரு நாயகி கதை இருந்தால் சொல்லுங்கள், வேலைக்கு லீவு போட்டுப் படிக்கிறேன்.

கல்முட்டை

எல்லாரும் புதுசு பேசுகிறீர்கள், மூலவரை விட்டுவிட்டீர்களே. சுன் வூகோங்!

சின்ன வயதில் கார்ட்டூனில் பார்த்த குரங்குதான். போன வருஷம் அவன் வரும் 'மேற்குப் பயணம்' நாவலின் முதல் அத்தியாயம் படித்தேன். கல்லிலிருந்து பிறந்த குரங்குக்குப் பெயரே இல்லை. குருவிடம் போகிறது. அவர் 'குரங்கு' என்ற சொல்லின் எழுத்துகளை எடுத்து, விலங்கைக் குறிக்கும் பக்கத்துக் கோட்டை மட்டும் நீக்கிவிடுகிறார். ஒன்றில் மிஞ்சுவது 'பழைய நிலா', வேண்டாம் என்கிறார். இன்னொன்றில் மிஞ்சுவது 'குழந்தை' சேர்ந்த 'சுன்', சரி என்கிறார். மிருகத்தைக் கழித்தால் குழந்தை. வூகோங் என்றால் 'சூனியத்தை, அதாவது வெறுமையை, உணர்ந்தவன்'. பெயர் வைத்த குரு சுபோதி. பௌத்த நூல்களில் சூனியத்தை நன்றாக அறிந்தவர் என்று புகழப்படும் சுபூதியின் பெயர்தான் அது.

வேடிக்கை என்னவென்றால், சூனியம் என்று பெயர் வாங்கியவன் நேரே போய் 'வானுக்கு நிகரான மாமுனி' என்று தனக்கே பட்டம் சூட்டிக்கொள்கிறான். 500 வருஷம் மலைக்கு அடியில் கிடந்த பிறகுதான் பழைய பெயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருந்துகிறது. அவன் காவல் போன துறவி ஷுவான்சாங் நிஜ மனிதர், 7ஆம் நூற்றாண்டு. காஞ்சிபுரத்தைப் பற்றித் தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். காஞ்சிப் பேருந்தில் உட்கார்ந்து இதைப் படித்தபோது வெளியே ஒரு குரங்கு சுவரில் உட்கார்ந்து முறைத்தது. சத்தியமாக.

அரைத்தூக்கம்

பழைய பேப்பர் ஐயா, யாங் குவோ விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் வந்துவிட்டது. குப்பி கிடைத்தவன் எல்லாம் உறுதியானவன் இல்லை என்பதும் சரிதான். ஆனால் ஹான் லியின் பச்சைக் குப்பி செடியைத்தான் சீக்கிரம் வளர்க்கும், அவனை வளர்க்காது. அதற்காகச் சண்டை போடுவேன், இன்றைக்கு நேரமில்லை.

பிச்சையின் பேரன், உங்கள் தாத்தாவைத் தவிட்டுக்கு வாங்கியதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். என் அப்பாவுக்கும் வீட்டில் வேறு பெயர் ஒன்று இருந்ததாம், 'குப்பு'. இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. ஏன் வைத்தார்கள் என்று கேட்டதற்கு, 'நேரில் வா, சொல்கிறேன்' என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.