ஜூன் 4 அன்று மச்சானின் புட்டும் என் எஸ்ஐபியும்

ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விற்பதா, நிஃப்டி (50 பெரிய பங்குகளின் குறியீடு) இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பதா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே இரண்டு பதில் உண்டு. நான் மாதாமாதம் ஒரு தொகையை ஃபண்டில் போடும் எஸ்ஐபி. மனைவியின் தம்பி வாராவாரம் ஆப்ஷன் விற்பவன். அவன் கணக்கைப் பக்கத்திலிருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

அவன் முறை விவரமானதுதான். நிஃப்டியைப் பின்பற்றும் ஈடிஎஃப்பான (பங்குபோல் வாங்கி விற்கும் ஃபண்ட்) நிஃப்டி பீஸ் வாங்கி அதைப் பிளெட்ஜ் (அடகு) செய்வான். அதில் கிடைக்கும் மார்ஜினோடு (ஈட்டுத்தொகை) விதிப்படி வேண்டிய ரொக்கத்தையும் வைத்து, சந்தைக்குக் கீழே தள்ளியிருக்கும் புட்டை விற்பான். புட் என்பது நிஃப்டி ஒரு விலைக்குக் கீழே போனால் விற்றவன் அந்த வித்தியாசத்தைத் தர வேண்டிய ஆப்ஷன்; அதற்கு அவனுக்கு முதலிலேயே கிடைக்கும் பணம்தான் பிரீமியம். சந்தை ஏறினால் ஈடிஎஃப் லாபம், பிரீமியம் அதற்கு மேல். பல மாதங்கள் என் எஸ்ஐபியைவிட நன்றாகவே ஓடியது.

2024 ஜூன் 3, திங்கள். எக்ஸிட் போல் உற்சாகத்தில் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263இல் முடிந்தது. மறுநாள் ஓட்டு எண்ணிக்கை என்பதால் பிரீமியமும் நல்ல விலையில் இருந்தது. அந்த வியாழக்கிழமை முடியும் (எக்ஸ்பைரி) 22,500 புட் 10 லாட் விற்றான். அப்போது ஒரு லாட் 25, அதாவது ஒரு புள்ளிக்கு 25 ரூபாய்.

செவ்வாயன்று எண்ண எண்ண நிஃப்டி 21,281 வரை இறங்கியது. புட்டின் 22,500க்கு 1,200 புள்ளிக்கு மேல் கீழே போய்விட்டது, அதாவது 10 லாட்டுக்கு 3 லட்சம். ஈடிஎஃப்பும் கூடவே விழுந்தது. ஏற்ற இறக்கம் கூடியதால் மார்ஜின் தேவையும் எகிறியது. கூடுதல் பணத்துக்கு அவன் அலைவதற்குள் புரோக்கர் பொசிஷனை மூடிவிட்டார்கள். இரண்டரை லட்சத்துக்குப் பக்கமாக நஷ்டம்.

வியாழக்கிழமை நிஃப்டி முடிந்தது 22,821இல். அந்த 22,500 புட் பூஜ்யத்துக்குப் போனது. அவன் கணிப்பு சரிதான், பிரீமியம் முழுவதும் அவனுக்கே வந்திருக்க வேண்டியது! வெள்ளியன்று நிஃப்டி ஜூன் 3 முடிவையும் தாண்டிவிட்டது. என் ஃபண்டும் செவ்வாயன்று 6 சதவீதம் விழுந்ததுதான், ஆனால் என்னை விற்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது இதுதான். மாதம் எவ்வளவு சதவீதம் என்பதெல்லாம் அப்புறம்.

சரி, மறுபக்கமும் உண்டு. 2024 செப்டம்பர் கடைசியில் 26,200ஐத் தொட்ட நிஃப்டி, ஓராண்டு கழித்தும் 25,000க்குக் கீழேதான் நின்றது. அந்த ஓராண்டில் எனக்கு ஒன்றும் தேறவில்லை. மச்சான் இப்போது இன்னும் கீழே ஒரு புட்டைப் பாதுகாப்புக்கு வாங்கி, ஜோடியாக (ஸ்பிரெட்) வைத்துத்தான் விற்கிறான். லாபம் குறைவு, ஆனால் அதிகபட்ச நஷ்டம் முன்கூட்டியே தெரியும்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஆப்ஷன் லாபம் வணிக வருமானம், உங்கள் ஸ்லாப்படி வரி. ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகம்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொன்னது. வாங்குபவர்கள், விற்பவர்கள் இருவரும் சேர்ந்த கணக்கு அது.

ஆப்ஷன் விற்று வரும் நண்பர்கள் ஒரு உதவி செய்யுங்கள். லாபம் வந்த மாதங்களை மட்டும் போடாமல், முடங்கிக் கிடந்த ரொக்கத்தையும் சேர்த்து மொத்த முதலுக்கு, வரி போக, டிவிடெண்ட் சேர்ந்த நிஃப்டியோடு ஒப்பிட்டு எழுதுங்கள். ஜூன் 4 அடங்கிய கணக்காக இருந்தால் ரொம்ப நல்லது.