'கவர்' பாடலுக்குக் கலைச்சொல்: 'வழிப்பாடல்' குறித்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலின் 1968 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பாடிய 'த டிரெய்ன் கெப்ட் எ ரோலிங்' யாருடைய தாக்கத்தில் அமைந்தது என்று தொடங்கிய உரையாடல், அத்தகைய பாடலை, அதாவது ஒருவர் முன்பே பாடியதை வேறொருவர் எடுத்துப் பாடும் 'கவர்' பாடலை, தமிழில் என்னவென்று சொல்வது என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. 'மறுபாடல்', 'மீளிசை', 'பிறர்பாட்டு' என்று மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. முதல் கேள்விக்கு விடை கண்டால்தான் இரண்டாவது கேள்விக்குச் சரியான சொல் கிடைக்கும் என்று கருதுவதால், பாடலின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

இப்பாடலை முதலில் பதிவு செய்தவர் டைனி பிராட்ஷா. 1951இல் கிங் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவருடைய குழு பதிவு செய்த அந்த இசைத்தட்டில் சாக்சபோன்தான் முதன்மை பெறுகிறது. தலைவர் ஓர் அடியைப் பாட, குழுவினர் சேர்ந்து மறுமொழி பாடும் நடனக்கூட இசை அது. (பாடலாசிரியர்களுள் ஒருவராக லோயிஸ் மேன் என்ற பெயர் இருப்பதைக் கண்டு யாரோ ஒரு பெண் கவிஞர் என்று எண்ணிவிட வேண்டா, நிறுவன உரிமையாளர் சிட் நேத்தன் உரிமைத்தொகையில் தமக்கும் பங்கு கிடைக்க வைத்துக்கொண்ட புனைபெயர் அது.) இன்று ராக் ரசிகர்கள் பாடலின் அடையாளமாகக் கொள்ளும் கிதார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்) அந்தப் பதிவில் கிடையாது.

அந்த ரிஃப் 1956இல்தான் வருகிறது. ஜானி பர்னெட்டின் மூவர் குழு நாஷ்வில்லில் இதைப் பதிவு செய்தபோது, கிதாரின் தடித்த 'ஈ' (E) தந்தியும் மெல்லிய 'ஈ' தந்தியும் ஒருசேர மீட்டப்பட்டு, கரகரப்பான ஒலியில் அந்த ரிஃப் பிறந்தது. ஆம்ப்ளிஃபயர் கீழே விழுந்து அதன் வால்வு ஒன்று தளர்ந்ததால் அந்தக் கரகரப்பு வந்தது என்று குழுவின் கிதார் கலைஞர் பால் பர்லிசன் சொல்லியிருக்கிறார். அன்று வாசித்தவர் பர்லிசனே அல்லர், நாஷ்வில் ஸ்டுடியோக் கலைஞர் கிரேடி மார்ட்டின்தான் என்று வாதிடுவோரும் உள்ளனர். அதை இங்கே தீர்க்க முடியாது, தேவையும் இல்லை. பிராட்ஷாவிடம் இல்லாத ஒன்று பர்னெட்டின் பதிவில் சேர்ந்தது என்பதே நமக்கு வேண்டியது.

1965இல் யார்ட்பேர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழு மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவில் இதைப் பதிவு செய்தபோது, அவர்கள் பின்பற்றியது பிராட்ஷாவை அன்று, பர்னெட்டைத்தான். ரிஃப் அப்படியே இருக்கிறது. ஆனால் ஜெஃப் பெக்கின் கிதார் ரயிலின் ஊதல் போல ஒலிக்கிறது, பாடகர் கீத் ரெல்ஃபின் ஹார்மோனிகா சேர்கிறது, அவருடைய குரலே இரண்டு தடங்களில் வேறு வேறு சொற்களோடு ஒன்றின் மேல் ஒன்றாக வருகிறது. பெக் விலகிய பிறகு ஜிம்மி பேஜ் ஒருவரே கிதார் வாசித்த காலத்திலும் பாடல் மேடையில் தொடர்ந்தது. 1968 மார்ச் 30 அன்று நியூயார்க் ஆண்டர்சன் அரங்கில் பதிவான நிகழ்ச்சி இதைக் கொண்டே தொடங்குகிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ஜெரார்டு தெருவின் நிலவறை ஒன்றில் பேஜ், ராபர்ட் பிளான்ட், ஜான் பால் ஜோன்ஸ், ஜான் பானம் என்ற, பின்னர் லெட் செப்பலின் ஆன நால்வரும் முதன்முதலாகச் சேர்ந்து வாசித்ததும் இதே பாடல்தான். ஜோன்ஸ் தமக்கு இது தெரியாது என்று சொல்ல, எளிதுதான் என்று பேஜ் இரண்டு கார்டுகளின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளின்) பெயரைச் சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கினாராம். இந்தச் செய்தி நம் விவாதத்துக்கு முக்கியமானது. ஜோன்ஸ் எந்த இசைத்தட்டையும் கேட்டு இதைக் கற்கவில்லை. பேஜ் யார்ட்பேர்ட்ஸ் மேடையிலிருந்து கொண்டுவந்த வடிவமே அவருக்கு மூலம்.

ஸ்போகேன் பதிவு, அரங்கில் இருந்த ஒருவர் எடுத்த ஒலிநாடா. இக்குழுவின் மேடைப் பதிவுகளுள் இன்று புழக்கத்தில் இருப்பவற்றில் மிகப் பழையது. கன்சாகா பல்கலைக்கழகத்தில் வெனிலா ஃபட்ஜ் குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னோட்டமாக அவர்கள் வாசித்த அந்த நாளில், விளம்பரத்தில் குழுவின் பெயர்கூட 'லென் ஸெஃப்லின்' என்றுதான் அச்சாகியிருந்தது. முதல் இசைத்தட்டே அப்போது வெளிவந்திருக்கவில்லை. நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கும் இடமும் ரிஃபும் யார்ட்பேர்ட்ஸ் கொடுத்தவை. முரசுக் கலைஞர் ஜான் பானமின் முரசடி யாரும் கொடுத்தது அன்று. யார்ட்பேர்ட்ஸிடம் ஓடிக்கொண்டிருந்த பாடல் இவர்களிடம் நிலத்தில் கால் ஊன்றி நடக்கிறது. ஆகவே பர்னெட்டின் நேரடித் தாக்கம் என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேஜ் பர்னெட் குழுவின் ரசிகர் என்பது உண்மையே. இருப்பினும் இந்த நிகழ்த்தலின் பெற்றோர் யார்ட்பேர்ட்ஸ்தான், பர்னெட் பாட்டனார் முறை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'மறுபாடல்', 'மீளிசை' இரண்டும் ஒரே ஒரு மூலம் இருந்தது, அது மீண்டும் பாடப்பட்டது என்று மட்டும் சொல்கின்றன. மேலே கண்ட வரலாற்றை வைத்து 'லெட் செப்பலினின் மறுபாடல்' என்று எழுதினால், எதன் மறுபாடல் என்ற கேள்விக்குப் பிராட்ஷாவின் பெயரைத்தான் சொல்ல நேரும். அது வரலாற்றுப்படி பிழை. 'பிறர்பாட்டு' உரிமையைப் பேசுகிறது, உறவைப் பேசவில்லை. போதாக்குறைக்கு 'பின்பாட்டு' என்று படித்துவிடவும் கூடும். 'கவர்' என்பதை 'உறை', 'போர்வை' என்று பெயர்ப்பது கூடவே கூடாது. அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில், ஒரு நிறுவனத்தின் பாடல் விற்பனையாகும்போதே போட்டி நிறுவனம் வேறு பாடகரைக் கொண்டு அதே பாடலை வெளியிட்டுச் சந்தையைப் பிடிப்பதை அச்சொல் குறித்தது. 1955இல் ஃபேட்ஸ் டோமினோவின் பாடலைப் பேட் பூன் பாடிப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனது அவ்வகைதான். பழைய பாடலை அன்போடு எடுத்துப் பாடுவதற்கு இந்த வணிகப் பொருள் பொருந்தாது.

நம் இலக்கணத்தில் இந்த உறவுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. நூல்களை முதல், வழி, சார்பு என்று பிரிக்கும் நன்னூல், வழிநூலை இப்படி வரையறுக்கிறது:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்.

முன்னோரோடு ஒத்துப்போக வேண்டும். பின்னவன் தான் விரும்பும் வேறுபாட்டையும் காட்ட வேண்டும். ரிஃப் ஒத்திருக்க, முரசடி வேறுபட்ட அந்த ஸ்போகேன் நிகழ்த்தலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கண்டதில்லை. எனவே 'வழிப்பாடல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். 'பர்னெட் வழிப்பாடல்', 'யார்ட்பேர்ட்ஸ் வழிப்பாடல்' என்று முன்னால் ஒரு பெயரைச் சேர்த்தாலே எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். பிராட்ஷாவின் 1951 பதிவு 'முதற்பாடல்'.

'வழிபாட்டுப் பாடல்' என்பதோடு இது குழம்பும் என்ற மறுப்பு வரும் என்று அறிவேன். 'வழிப்பாட்டு' என்று வைத்தால் அந்த ஆபத்து மெய்யானதே. ஓர் ஒற்று விடுபட்டால் கிதார் கோயிலுக்குள் போய்விடும். 'பாடல்' என்ற ஈற்றோடு எழுதினால், ஒற்று விடுபட்டாலும் 'வழிபாடல்' என்று வேறொரு பொருள் தரும் சொல் புழக்கத்தில் இல்லாததால் குழப்பம் பெரிதாக இராது.

இதே பகுப்பு இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. 1966இல் அன்டோனியோனியின் 'புளோ அப்' படத்தில், பெக்கும் பேஜும் சேர்ந்து கிதார் வாசிக்க, யார்ட்பேர்ட்ஸ் இப்பாடலின் இசையை வைத்துக்கொண்டு வேறு சொற்களில் 'ஸ்ட்ரோல் ஆன்' என்று பாடுகிறார்கள். பழைய வரிகளுக்கு உரிமை கிடைக்காததால் ரெல்ஃப் புதிதாக எழுதினார். ஒரு பகுதியை மட்டும் எடுத்து மற்றதை மாற்றியது என்பதால் இதைச் 'சார்புப்பாடல்' என்று சொல்லலாம். 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' பாடலையும் இதில் அடக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. 1967இல் ஜேக் ஹோம்ஸ் பாடக் கேட்டு யார்ட்பேர்ட்ஸ் மேடைக்குக் கொண்டுவந்த பாடல், 1969இல் லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டில் பேஜ் பெயரில் மட்டுமே வெளியானது. ஹோம்ஸ் 2010இல் வழக்குத் தொடுத்த பிறகே பிந்தைய வெளியீட்டில் அவரிடமிருந்து ஊக்கம் பெற்றது என்ற குறிப்பு சேர்ந்தது. முன்னோர் பெயரைச் சொல்லாதது வழியும் ஆகாது, சார்பும் ஆகாது. அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது, அனைவருக்கும் தெரியும்.

'லைவ்' என்பதற்கு 'நேரலை' என்று இரண்டு மடல்களில் எழுதப்பட்டுள்ளது. நேரலை ஒளிபரப்புக்கு உரியது. 1968இன் ஒலிநாடாவை இன்று கேட்பது நேரலை ஆகாது. 'மேடைப் பதிவு' போதும்.

வினைவடிவம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'வழிப்பாடினார்கள்' என்பது காதுக்கு இடறுகிறது, 'வழிபட்டார்கள்' என்றும் கேட்கிறது. 'பர்னெட்டின் பாடலை வழியெடுத்துப் பாடினார்கள்' என்று எழுதிப் பார்த்தேன். கட்டுரையில் நிற்கிறது, தலைப்பில் நீளுகிறது. இதைவிடச் சுருக்கமான வடிவம் தோன்றுபவர்கள், ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.