சிறைச் செலவை நகரம் ஏன் கட்ட வேண்டும்?

கேள்வி: சியாட்டிலுக்குத் தெற்கே ரென்டனில் இருக்கிறேன். நகர பட்ஜெட்டில் சிறைக்கென்று பணம் போகிறது. அது கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகம்) வேலைதானே?

பதில் 1: பெருங்குற்றம் என்றால் கவுண்டி பார்த்துக்கொள்ளும். கடைத் திருட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது மாதிரி சிறு குற்றங்களுக்கு, வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி செலவு நகரத்தின் தலையில்தான்.

பதில் 2: ரென்டன் இருக்கும் கிங் கவுண்டி, சிறு குற்றக் கைதிகளுக்குத் தன் சிறையில் இனி இடம் தர முடியாது என்று சொன்னதால்தான் ரென்டன், ஆபர்ன், டக்வில்லா உள்ளிட்ட 7 நகரங்கள் சேர்ந்து ‘ஸ்கோர்’ சிறையைக் கட்டி 2011இல் திறந்தன, மற்ற ஊர்கள் அங்கே ஒரு படுக்கைக்கு, அதாவது ஒரு கைதிக்கான இடத்துக்கு, இத்தனை என்று நாள் வாடகை கொடுக்கின்றன.

பதில் 1: அப்புறம், முன்பதிவு செய்த படுக்கை காலியாகக் கிடந்தாலும் பணம் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் போதை மறுவாழ்வுக்குப் போயிருக்கலாமே என்றுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி கேட்டவர்: சரி, அடுத்த கவுன்சில் கூட்டத்தில் நம் ஊருக்கு எத்தனை படுக்கை என்று கேட்கிறேன்.