புதுப்பிப்பு: குறிஞ்சிப் படத்தின் நீலம் பக்கத்தில் மங்கியதற்கான காரணம்

கொடைக்கானலில் 2018-இல் பூத்த குறிஞ்சியின் படங்கள், படத்தைத் திருத்தும் போட்டோஷாப்பில் தெளிவான ஊதா நீலமாகவும், புத்தகத்தை வடிவமைக்கும் இன்டிசைனில் பக்கத்தில் வைத்தவுடன் சாம்பல் படிந்தும் தெரிவதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

படங்களில் அடோபி ஆர்ஜிபி ப்ரொஃபைல், அதாவது படத்தின் எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்று சொல்லும் குறிப்பு, இருந்தது. ஆனால் இன்டிசைனின் வண்ண அமைப்பில் ஆர்ஜிபி ப்ரொஃபைல்களைக் கையாளும் கொள்கை அணைக்கப்பட்டிருந்ததால், அது ப்ரொஃபைலைப் புறக்கணித்து, அதே எண்களை, அதைவிடக் குறுகிய நிற எல்லை கொண்ட எஸ்ஆர்ஜிபி எனக் கொண்டு நிறத்தை மங்கலாக்கிக் காட்டியது. உட்பொதிந்த ப்ரொஃபைலைக் காக்கும்படி மாற்றி, ஏற்கெனவே வைத்த படங்களுக்கு இமேஜ் கலர் செட்டிங்ஸில் அடோபி ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டு மென்பொருள்களிலும் நிறம் ஒத்துப்போனது.

நிழல் விளைவு சேர்த்த பக்கங்களில் மட்டும் நீலம் இன்னும் சற்று அடங்கியே தெரிகிறது. நிழல் போன்ற ஒளிபுகு விளைவு உள்ள பக்கத்தை இன்டிசைன், அச்சின் நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறவெளியில் கலந்து காட்டுவதே அதற்குக் காரணம். அதை ஆர்ஜிபிக்கு மாற்றலாம் என்றாலும், அச்சுக்குப் போகும் புத்தகத்தில் நான் மாற்றமாட்டேன்; தாளில் வரப்போகும் நிறத்துக்கு அந்த அடங்கிய நீலமே நெருக்கமானது.

குறிஞ்சியின் ஊதா நீலம் நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே நிற்பது. ஆகவே அச்சகத்திடம் அவர்களுடைய ப்ரொஃபைலைக் கேட்டு வாங்கி, போட்டோஷாப்பில் கண்ட்ரோல்-ஒய் அழுத்தி அச்சு முன்னோட்டத்தைப் பார்த்தபடியே மெஜந்தாவைச் சிறிது குறைத்து வருகிறேன். அது மிகுந்தால் பூ கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடுகிறது.