அப்பழுக்கற்ற

அத்தை: உங்க மாமா தலைவரா இருக்கற சங்கத்தோட இணையப் பக்கத்துல நேத்து ராத்திரி வந்த கமெண்ட். எல்லாரும் படிங்க.
“தலைவர் மீது வீண்பழி சுமத்துவோர் கவனத்திற்கு . நான் அவரை நேரில் அறிந்தவன் அல்ல . ஆயினும் அவரது அப்பழுக்கற்ற சேவையைக் கண்கூடாகக் கண்டு வருகிறேன் . – நடுநிலையாளன்”

அம்மா: யாரு பெத்த பிள்ளையோ, நல்லா எழுதியிருக்கு. நம்ம தம்பிக்குப் பேச நாலு பேர் இருக்காங்கன்னு நினைக்கவே சந்தோஷமா இருக்கு.

சித்தி: அண்ணாவோட உழைப்பை வெளி ஆளே சொல்றான் பாரு 🙏

நான்: அம்மா, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கு முன்னாடியும் ஒரு இடைவெளி இருக்கு. கவனிச்சீங்களா?

அத்தை: நான் கவனிச்சேன். இருபத்தெட்டு வருஷமா அந்தக் கையெழுத்தையும் தட்டச்சையும் பார்க்கறவ நான். “அப்பழுக்கற்ற” இல்லாம உங்க மாமா ஒரு கல்யாண வாழ்த்துகூட எழுதினது கிடையாது.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி: மாமாவைத் திட்டாதீங்க. ஐடி ஓப்பன் பண்ணிக் கொடுத்தது நான்தான். ரெண்டு நாளா தூங்கலைன்னு சொன்னார், மனசு கேக்கலை.

அம்மா: என்னடா சொல்றீங்க ரெண்டு பேரும்?

மாமா: அக்கா, மூணு வருஷம் என் வேலையை விட்டுட்டு இந்தச் சங்கத்துக்கு ஓடினேன். ஒருத்தர் வந்து “மார்ச் மாசக் கணக்கு எங்கே”ன்னு கேட்டதும், கீழே முப்பது பேர் கைதட்டறாங்க. என் பேர்ல பதில் சொன்னா தற்பெருமைங்கறாங்க. வேற ஒருத்தர் சொன்னாத்தானே எடுபடும்?

நான்: மாமா, அந்த “வேற ஒருத்தர்” இல்லவே இல்லையே. அதுதான் எனக்கு உறுத்துது. உங்க கோபம் நியாயமானது. ஆனா படிக்கறவங்க ஒரு சாட்சி வந்திருக்கார்னு நம்பறாங்க. அம்மாவே நம்பினாங்க, சந்தோஷப்பட்டாங்க.

சித்தி: பெரிய பெரிய ஆளுங்களே செய்யறாங்க. அண்ணா மட்டும் என்ன?

நான்: செய்யறாங்கதான் சித்தி. செஞ்சு என்ன ஆச்சுன்னு பாருங்க. கெவின் டியூரன்ட், அமெரிக்கக் கூடைப்பந்து வீரர். 2017 செப்டம்பர்ல ட்விட்டர்ல ஒரு ரசிகர், ஏன் பழைய டீமை விட்டுப் போனீங்கன்னு கேட்டார். அதுக்கு டியூரன்ட் கணக்கிலிருந்தே வந்த பதில்: அவருக்கு அந்த நிர்வாகமும் பிடிக்கலை, கோச்சும் பிடிக்கலைன்னு. “எனக்கு” இல்லை, “அவருக்கு”. வேற ஐடியில இருக்கறதா நினைச்சு, மாத்த மறந்துட்டார்னு உலகமே புரிஞ்சுக்கிட்டது. அப்புறம் ஒரு மேடையில உட்கார்ந்து, கோச் பேரை இழுத்தது சின்னப்பிள்ளைத்தனம்னு மன்னிப்பு கேட்டார்.
தன்மையில சொல்ல வேண்டியதைப் படர்க்கையில சொன்னதுதான் மொத்தத் தப்பும். அத்தனை பெரிய ஆட்டக்காரருக்கு, யாரோ ஒரு ரசிகர் சொன்ன ஒரு வரி அவ்வளவு வலிச்சிருக்கு. படிச்சப்ப பாவமாத்தான் இருந்தது.

மாமா: அமெரிக்க மளிகைக் கடை கம்பெனி ஹோல் ஃபுட்ஸ், அதோட அப்போதைய முதலாளி ஜான் மேக்கி பண்ணலையா? அவர் மேல என்ன நடவடிக்கை எடுத்தாங்க?

நான்: மாமா அதையும் தேடிப் படிச்சிருக்கீங்க 😔 சரி, முழுசாவே சொல்றேன். யாஹூவோட பங்குச் சந்தைப் பக்கங்கள்ல “ரஹோடெப்”ங்கற பேர்ல வருஷக்கணக்கா எழுதினார். மனைவி பேர் டெபோரா, அதோட ஆங்கில எழுத்துகளை மாத்திப் போட்டா வர்ற பேர் அது. தன் கம்பெனியைப் புகழ்ந்தார், தன் தலைமுடி வெட்டைக்கூடப் புகழ்ந்தார். போட்டிக் கம்பெனியான வைல்ட் ஓட்ஸை மட்டம் தட்டினார். அந்தக் கம்பெனியையே பிறகு விலைக்குக் கேட்டார். அதைத் தடுக்க அரசு போட்ட வழக்குலதான் 2007ல எல்லாம் வெளியே வந்தது. பங்குச் சந்தை ஆணையம் விசாரிச்சு, நடவடிக்கை இல்லாம முடிச்சது உண்மை. சட்டம் விட்டுடுச்சுங்கறதால, அந்தப் பதிவை நம்பிப் படிச்ச முதலீட்டாளருக்குப் போனது திரும்பி வந்துடுமா?

தம்பி: அக்கா, அப்போ பேரை மறைச்சு எழுதறதே தப்பா? எத்தனை பேர் வேலை போயிடும்னு பயந்து புனைபெயர்ல உண்மையைச் சொல்றாங்க.

நான்: அது தப்பே இல்லைடா. அவங்களுக்கு அந்தத் திரை வேணும். பதவியில இருக்கறவருக்கு எதுக்கு? மைக் அவர் கையில, மேடை அவரோடது. மிட் ராம்னியைப் பாரு, அப்போ அமெரிக்க செனட்டரா இருந்தவர். ட்விட்டர்ல “பியர் டெலெக்டோ”னு ஒரு ரகசியக் கணக்கு. சும்மா மத்தவங்க எழுதறதைப் பார்க்கத்தான் வெச்சிருந்தார்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தன்னைக் குறை சொன்னவங்களுக்கு அதே பேர்ல பதிலும் போட்டார். 2019ல, அப்படி ஒரு கணக்கு இருக்குன்னு அவரே ஒரு பேட்டியில வாய் விட்டுட்டார். குடும்பத்தாரை யார் யார் பின்தொடர்றாங்கன்னு பார்த்தே ஒரு நிருபர் அதைக் கண்டுபிடிச்சுட்டார்.

அத்தை: இருங்க. இன்னும் ஒண்ணு இருக்கு. இதுதான் எனக்கு ஆறலை.
“கேள்வி கேட்கும் முன்னாள் பொருளாளர் காலத்தில் என்ன நடந்தது என்பதை அனைவரும் அறிவர் . – நடுநிலையாளன்”

சித்தி: ஐயோ அண்ணா.

அம்மா: தம்பி, அவர் காலத்துல என்னடா நடந்தது?

மாமா: ஒண்ணும் நடக்கலை அக்கா. கோபத்துல எழுதிட்டேன்.

அத்தை: அவர் பொண்ணு காலையில எனக்குப் போன் பண்ணிச்சு. “அப்பா சாப்பிடாம உட்கார்ந்திருக்கார் ஆன்ட்டி, யார் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா”ன்னு கேட்டுச்சு. தெரியாதுன்னு சொன்னேன். இருபத்தெட்டு வருஷத்துல உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய் அது.

நான்: ஆர்லண்டோ ஃபைஜஸ்னு ஒரு வரலாற்றாசிரியர். 2010ல அமேசான்ல மறைபெயர்ல தன் புத்தகத்தைப் புகழ்ந்து, மத்த ஆசிரியர்களோட புத்தகங்களை மட்டமா எழுதினார். முதல்ல வக்கீலை விட்டு மிரட்டினார். அப்புறம் மனைவிதான் எழுதினாங்கன்னார். கடைசியில தானேன்னு ஒத்துக்கிட்டார். அத்தை சொன்ன பொய்யைப் படிச்சதும் அந்த அம்மா ஞாபகம்தான் வந்தது.
அதுக்கு நேர் எதிர் இன்னொண்ணு. பிரையன் கொலான்ஜெலோ, பிலடெல்பியா கூடைப்பந்து அணியோட நிர்வாகத் தலைவரா இருந்தவர். அவரைத் தூக்கிப் பிடிச்சும் சொந்த வீரர்களையே குறை சொல்லியும் அஞ்சு மறைமுகக் கணக்குகள் எழுதறதா 2018 மே மாசம் செய்தி வந்தது. நடத்தினது அவர் மனைவின்னு விசாரணையில தெரிஞ்சது. ஜூன்ல அவர் பதவி போச்சு. தம்பி, நீ பாசத்துலதான் செஞ்சே. அந்த அம்மாவும் பாசத்துலதான் செஞ்சிருப்பாங்க.

தம்பி: புரியுது அக்கா. இப்பவே ஐடியை அழிச்சிடறேன்.

நான்: அழிக்காதே. அந்த பிலடெல்பியா விஷயத்துல நிருபர் ரெண்டு கணக்கைப் பத்தி மட்டும்தான் அந்த அணிகிட்ட கேட்டார். அன்னைக்கே மீதி மூணும் பூட்டிக்கிச்சு. சந்தேகம் உறுதியானதே அதனாலதான். சொல்றதைச் சொல்லிட்டு அப்புறம் அழி.

அம்மா: தம்பி, எங்க போனே? பேசுடா.

(நாற்பது நிமிஷம் கழிச்சு)

மாமா: இதைப் போடலாமா, பாருங்க.
“நான் சங்கத் தலைவர் எழுதுகிறேன் . நடுநிலையாளன் என்ற பெயரில் வந்த நான்கு பதிவுகளும் நான் எழுதியவை . முன்னாள் பொருளாளரைப் பற்றி எழுதியது பொய் . அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் . மார்ச் மாத ரசீதுகளை இத்துடன் இணைத்துள்ளேன் . இரண்டு ரசீதுகள் கிடைக்கவில்லை .”

சித்தி: அண்ணா, அந்தக் கடைசி வரி வேணுமா?

மாமா: அதுக்குப் பயந்துதான் இவ்வளவும் பண்ணினேன்மா. இருக்கட்டும்.

அம்மா: போடு.

மாமா: போட்டாச்சு.

அத்தை: சட்டையை மாத்திக்கிட்டு வாங்க. அவங்க வீட்டுக்கு நானும் கூட வர்றேன்.